ஆடுகளத்தைக் கல்வியாக்கிய ஆசான் ஹாரி பக்

பள்ளியிலே பயின்ற ஒவ்வொருவர் நினைவிலும் ஓர் ஊதலின் ஒலி ஒளிந்திருக்கும். அந்த ஊதலுக்கு உரியவரை நாம் பி.டி. வாத்தியார் என்று அழைத்தோம். நம் பாட்டனார் காலத்தில் அவருக்கு டிரில் மாஸ்டர் என்று பெயர். மாஸ்டர் வாத்தியாரானது வெறும் பெயர் மாற்றம் அன்று. ஆணையிடுகிறவர் ஆசிரியராக உயர்ந்த வரலாறு அதனுள்ளே அடங்கிக் கிடக்கிறது. அந்த வரலாற்றைத் தொடங்கி வைத்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர், கடல் கடந்து சென்னைக்கு வந்து, தம் எஞ்சிய வாழ்நாளை இந்நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக்கே ஈந்த ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர்.

அரசியல் தலைவரும் புலவர் பெருமக்களும் வீற்றிருக்க வேண்டிய மலரில் ஒரு விளையாட்டு ஆசிரியருக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். கேட்கட்டும். விடையை இறுதியில் சொல்கிறேன். முதலில் அப்பெருமகனாரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

பிறப்பும் பயிற்சியும்

பக் 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்து, மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தார் நடத்திய கல்லூரியில் பயிற்சி பெற்றார். அந்தக் கல்லூரியைப் பற்றிச் சில சொற்கள் கூறாமல் மேலே செல்லுதல் தகாது. பக் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த கருத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1891ஆம் ஆண்டின் குளிர்காலம். வெளியிலே பனி. மாணவர்கள் கட்டிடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுக்கு வாய்த்ததோ கையைத் தூக்கு, காலை மடக்கு என்னும் சலிப்பூட்டும் பயிற்சி. அப்போது ஸ்பிரிங்பீல்டு ஆசிரியரான ஜேம்ஸ் நைஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளைச் சுவரிலே உயர மாட்டினார்; பந்தை அவற்றுக்குள் போடச் சொன்னார்; பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது. நான்கு ஆண்டுகள் சென்றன. அதே கல்லூரியில் பயின்ற வில்லியம் மார்கன் என்பவர், பக்கத்து ஊராகிய ஹோலியோக்கில், கூடைப்பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாத நடுத்தர வயதினருக்கென ஒரு வலையைக் கட்டினார். அது கைப்பந்தாயிற்று.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் நமக்குச் சொல்வது என்ன? ஆட்டம் என்பது வானத்திலிருந்து இறங்கி வந்ததன்று. இடம் சிறியதா, பருவம் குளிரா, ஆடுவோர் முதியவரா என்று பார்த்து, அதற்கேற்ப ஆட்டத்தை அமைத்துக் கொள்ளலாம். ஆட்டத்துக்கு ஏற்ற ஆளைத் தேடாமல் ஆளுக்கு ஏற்ற ஆட்டத்தைத் தேட வேண்டும். இந்த எண்ணம் ஊறிய கல்லூரியிலிருந்துதான் பக் புறப்பட்டார். 1919ஆம் ஆண்டு சென்னை வந்து சேர்ந்தார்.

அவர் கண்ட பள்ளிக்கூடம்

அந்நாளில் நம் பள்ளிகளின் நிலை எவ்வாறு இருந்தது? 1882ஆம் ஆண்டில் ஹண்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்விக் குழு, உள்நாட்டு விளையாட்டுகள், உடற்பயிற்சி வித்தைகள், பள்ளி டிரில் ஆகிய மூன்றையும் வளர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. பரிந்துரை ஏட்டிலே மூன்று. முற்றத்திலே வந்து நின்றது பெரும்பாலும் ஒன்றுதான். அது டிரில். படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பள்ளிக்கு வந்தார்கள். பாசறையில் தாம் கற்றதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் கற்பித்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்லி என்ன பயன்? வேறொன்றும் அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

டிரில் எளிது. ஒருவர் கட்டளையிட்டால் நூறு பேர் அசையலாம். செலவில்லை, கருவி வேண்டா, ஆசிரியர் சிந்திக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயின் பிள்ளை அதிலே என்ன கற்றான்? பிறர் சொல்லும்போது நிற்கவும் பிறர் சொல்லும்போது திரும்பவும் கற்றான். தானாக ஒரு முடிவெடுக்கவும், தோழனுக்குப் பந்தை விட்டுக் கொடுக்கவும், தோற்றபின் சிரித்துக் கொண்டே கைகுலுக்கவும் கற்றானா? இல்லை. உடல் அசைந்தது, உள்ளம் உறங்கிற்று.

மற்றொரு புறத்தில் பெரிய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கிரிக்கெட்டும் காற்பந்தும் ஹாக்கியும் இருந்தன. அவை வல்லவர் சிலருக்கே உரியன. பதினொருவர் ஆடுவர், பல நூற்றுவர் வேலியோரம் நின்று கைதட்டுவர். ஆக, பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டே வழிகள் இருந்தன: ஒன்று வரிசையில் நிற்பது, மற்றொன்று வேடிக்கை பார்ப்பது.

ஐந்து மாணவர்

இந்நிலையை மாற்றப் பக் கண்ட வழி மிக எளியது. பிள்ளைகளை மாற்றுவதற்கு முன்னே ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. முதலில் சேர்ந்த மாணவர் ஐந்தே பேர்! இன்று நம் மன்றத்தின் செயற்குழுவில்கூட அதைவிட மிகுதியான பேர் உண்டு. ஆயினும் அந்த ஐவரைக் கொண்டு தொடங்கிய பள்ளிதான் பின்னர் கல்லூரியாக வளர்ந்து, நந்தனத்தில் அடையாற்றங்கரையில் பரந்த களங்களோடு இன்றும் நிற்கிறது.

அங்கே பயிற்சி பெற வந்தவர் ஓடவும் தாண்டவும் மட்டும் கற்கவில்லை. எலும்பும் தசையும் எவ்வாறு இயங்குகின்றன, இதயம் எவ்வளவு உழைக்கும், வளரும் பிள்ளையின் உடல் எதைத் தாங்கும் எதைத் தாங்காது என்பனவற்றையும் கற்றனர். சுகாதாரம் கற்றனர், பாடம் நடத்தும் முறை கற்றனர். உடற்பயிற்சி ஆசிரியரும் கணக்கு ஆசிரியரைப் போலவே படித்துத் தேர்ந்தவராக இருத்தல் வேண்டும் என்பது பக்கின் உறுதி. இன்று நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. அன்றோ அது பெரும் புதுமை.

1931இல் ஐதராபாத்திலும், 1932இல் கல்கத்தாவிலும் லக்னோவிலும் இத்தகைய பயிற்சி நிலையங்கள் எழுந்தன. அதற்கு முன்னைய பத்தாண்டுக் காலம் சென்னைப் பள்ளிதான் வழிகாட்டியாக நின்றது. நம் பம்பாயிலே காந்திவலியில் அரசினர் பயிற்சி நிலையம் தோன்றியது 1938ஆம் ஆண்டில். பெண்களையும் சென்னை நிலையம் 1940ஆம் ஆண்டில் சேர்த்துக் கொண்டது. ஊதலை ஒரு பெண்ணும் ஊதலாம் என்று ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகள் ஆயின. ஆயினும் ஒப்புக்கொண்டார்களே என்று மகிழ்வோம்.

பலவகைப் பாடத்திட்டம்

பக்கின் பணியிலே நாம் ஊன்றி நோக்க வேண்டியது அவர் வகுத்த பயிற்சியின் பன்மை. அன்றைய சென்னை அரசுக்கும் அவர் உடற்கல்வி ஆலோசகராக இருந்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். கூடைப்பந்தும் கைப்பந்தும் அவர் ஊரிலிருந்து வந்தவை. ஆயினும் அவற்றை மட்டும் திணித்துவிட்டுப் போகவில்லை. சடுகுடு போன்ற நம் மண்ணின் ஆட்டங்களையும் பாடத்திலே சேர்த்தார். வெறும் தெரு விளையாட்டென்று படித்தவர் ஒதுக்கிய ஆட்டங்கள் அளவிட்ட களமும் எழுதிய விதியும் நடுவரும் பெற்றன. மராட்டியத்திலும் அதே காலத்தில் இம்முயற்சி நடந்தது. அந்தச் சடுகுடுதான் கபடியென்று 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று என்பதை நாம் அறிவோம்.

பன்மை ஏன் வேண்டும்? பதினொரு வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒன்றல்லர். நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு ஓட்டம், தாண்டல், எறிதல், பிடித்தல், தாளத்துக்கேற்ற அசைவு, தொட்டு விளையாடும் சிற்றாட்டங்கள் ஆகிய எல்லாவற்றின் சுவையும் தெரிய வேண்டும். அந்த வயதில் ஒரே ஆட்டத்தில் அடைத்து வைப்பது, ஒரே எழுத்தை ஆண்டு முழுதும் எழுதச் சொல்வதை ஒக்கும். உயர்நிலை வகுப்பை அடைந்தபின் தனக்குப் பிடித்த ஒன்றிரண்டைத் தேர்ந்து தேர்ச்சி பெறலாம்; குழுவுக்குத் தலைவனாகலாம்; நடுவராக நின்று நீதி வழங்கவும் பழகலாம். வேகமில்லாதவனுக்குக் குறி இருக்கும். வலிமையில்லாதவளுக்குத் தாளம் இருக்கும். பலவகை ஆட்டங்கள் இருந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிலே ஒன்றாவது பொருந்தும்.

இட நெருக்கடி என்ற தடைக்கும் இதிலேயே விடை உண்டு. அறிவியல் மாணவியாதலால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னாட்டுக் காற்பந்துக் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பரப்பு 7,140 சதுர மீட்டர். அதில் ஆடுவோர் இருபத்திருவர். சடுகுடுக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், பரப்பு 130 சதுர மீட்டர், ஆடுவோர் பதினால்வர். கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர், பரப்பு 162, ஆடுவோர் பன்னிருவர். அதாவது காற்பந்தில் ஒருவருக்கு முந்நூறு சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். சடுகுடுவில் பத்துக்கும் குறைவே போதும். இடமில்லை என்று சொல்லும் பள்ளிக்கு உண்மையில் இல்லாதது பெரும்பாலும் திட்டமே.

பாரிஸ் பயணம்

பக்கின் வாழ்வில் நம் பம்பாயோடு பிணைந்த ஓர் அத்தியாயமும் உண்டு. இந்நகரத்துச் செல்வர் சர் தொராப்ஜி டாட்டா, 1920ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர் சிலரை அனுப்பி வைத்தவர். அடுத்த ஒலிம்பிக்குக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க 1924இல் டில்லியில் அனைத்திந்தியப் போட்டி நடந்தது. தேர்ந்த வீரர்களை அழைத்துக்கொண்டு அணியின் மேலாளராகப் பாரிஸ் சென்றவர் பக். சென்னையைச் சேர்ந்த தடையோட்ட வீரர் சி.கே. லட்சுமணன் அந்த அணியில் ஒருவர்.

பதக்கம் ஏதும் கிட்டவில்லை. ஆயினும் அப்பயணம் வீணாகவில்லை. திரும்பி வந்தபின், ஒய்.எம்.சி.ஏ.யின் மற்றொரு தொண்டராகிய டாக்டர் நோரனும் பக்கும் மாகாணங்கள்தோறும் சென்று விளையாட்டுச் சங்கங்கள் அமையத் துணை நின்றனர். 1927ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. டாட்டா அதன் தலைவர், நோரன் செயலாளர். சில வீரரை ஏற்றியனுப்புவதைவிட ஊர்தோறும் ஆடுகளம் அமைப்பதே நெடுநாள் வேலை என்பதைப் பாரிஸ் உணர்த்தியது போலும். பக்கோ தம் பள்ளிக்கே திரும்பினார். வெற்றிக் கோப்பையைவிட நாளைய ஆசிரியரே அவருக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். இல்லையேல் புகழ் தரும் பாதை திறந்திருக்கும்போது புழுதி பறக்கும் பயிற்சிக் களத்துக்கு யார் திரும்புவார்?

மறைவும் மதிப்பீடும்

1943ஆம் ஆண்டில் பக் இயற்கை எய்தினார். நாடு விடுதலை பெற்றதை அவர் காணவில்லை. தாம் ஊன்றிய விதை பரவியதையும் முழுதும் காணவில்லை. அவர் நிலையத்திலிருந்து புறப்பட்ட ஆசிரியர்கள் ஊரூராகச் சென்றனர். 1957இல் குவாலியரில் இலட்சுமிபாய் கல்லூரி எழுந்தது. 2005ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது.

இவ்வளவும் உண்மை. ஆனால் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் புகழுரையோடு நின்றுவிடலாகாது. பக்கின் பணி முழு வெற்றி பெற்றதா? இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆசிரியர் உருவானார், அவருக்கு உரிய மணி நேரம் உருவாகவில்லை. தேர்வு நெருங்கினால் முதலில் பலியாவது விளையாட்டு வேளை. கணக்கு முடியவில்லையா, பி.டி. வேளையை எடுத்துக்கொள்! கீழ் வகுப்பு ஆசிரியர் வரவில்லையா, பி.டி. வாத்தியாரை அனுப்பு! பயிற்சி பெற்ற ஆசிரியர் பலர் விழா நாளில் கொடி கட்டவும் கூட்டம் அடக்கவும் மட்டுமே பயன்பட்டனர். டிரிலும் வேறு பெயரோடு மீண்டும் வந்து உட்கார்ந்தது. ஒரு தனி மனிதர் பள்ளியை நிறுவலாம். பள்ளிகளின் மனத்தை மாற்றுவது ஒருவரால் ஆகும் செயலன்று.

என் சொந்தக் கணக்கு

இப்போது முதலில் சொன்ன விடைக்கு வருகிறேன். நெல்லைச் சீமையிலிருந்து பத்து வயதில் பெற்றோரோடு தாராவிக்கு வந்து சேர்ந்தவள் நான். ஊரிலே களத்துமேட்டில் நிலா வெளிச்சத்தில் கிளித்தட்டு மறித்தவள். என்னைத் தாண்டிப் போன பையன்கள் மிகச் சிலர்! இங்கே வந்தபின் நான் படித்த பள்ளி எது என்பது இக்கட்டுரைக்கு வேண்டாத செய்தி. அங்கே முற்றம் சிறியது. இருபது நிமிடம் கைகால் அசைத்து முடிந்ததும் மட்டையும் பந்தும் வெளியே வரும். வல்ல பையன்கள் பத்துப் பதினைந்து பேர் ஆடுவார்கள். மற்றப் பையன்கள் சுவரோரம். பெண்பிள்ளைகள் நாங்கள் பைகளுக்குக் காவல். ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நான் பை காத்தேன். யாரும் என்னைக் கொடுமை செய்யவில்லை; யாரும் என்னை நினைக்கவில்லை, அவ்வளவே. இன்று இருபத்து மூன்று வயது. ஆய்வுக்கூடத்துக்கு மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கிளித்தட்டு மறித்த அந்தச் சிறுமி எங்கே போனாள் என்று படிக்கட்டில் நின்று சில நாள் எண்ணியதுண்டு.

பக்கின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு விளங்கிற்று. என் பள்ளி புதிதாக ஒரு தவறு செய்யவில்லை. 1919ஆம் ஆண்டில் அவர் கண்ட பள்ளிக்கூடமே நூறாண்டு கழித்து எனக்கும் வாய்த்திருந்தது. அதற்கு மாற்று உண்டென்பதும் அப்போதே நிறுவப்பட்டிருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

தோழர்களே, பள்ளிகளைத் திருத்தும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆனால் நம் மன்றத்தின் பொங்கல் விளையாட்டு விழா நம்மிடம் இருக்கிறது. தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம்மவர் பிள்ளைகள் வருகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சை, நூறு மீட்டர் ஓட்டம். முதல் சுற்றிலேயே தோற்ற பிள்ளை பிற்பகல் முழுதும் சர்க்கரைப் பொங்கலுக்குக் காத்திருக்கிறது. நாமும் பை காக்கத்தான் வைக்கிறோம்.

வரும் பொங்கலுக்கு ஒரு திட்டம் தருகிறேன். ஆணும் பெண்ணும் கலந்து அணிக்கு எழுவராக எட்டு அணிகள். பிள்ளைகள் ஐம்பத்தாறு பேர். தோற்றவர் வெளியேறும் முறையில் வைத்தால் ஏழே ஆட்டங்கள். முதல் சுற்றோடு நான்கு அணிகள், இருபத்தெட்டுப் பிள்ளைகள், வீட்டுக்கு. அதை விடுத்து ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஆடட்டும். மொத்தம் இருபத்தெட்டு ஆட்டங்கள். நான்கு சிறு களங்கள் கோடு போடுவோம்: ஒன்றில் சடுகுடு, ஒன்றில் கைப்பந்து, ஒன்றில் எறிபந்து, ஒன்றில் கிளித்தட்டு. ஒரே வேளையில் நான்கு ஆட்டம். எட்டு அணியும் களத்தில். ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் என்றால் ஏழு சுற்றும் எழுபது நிமிடத்தில் முடியும். களம் மாற நேரம் கொடுத்தாலும் இரண்டு மணிக்குள் அடங்கும். அந்த இரண்டு மணியில் சுவரோரம் நிற்கும் பிள்ளை ஒன்றுகூட இராது.

கோடு போடச் சுண்ணாம்பு நான் வாங்கி வருகிறேன். நடுவராக நிற்க எட்டுப் பேர் பெயர் கொடுங்கள். கிளித்தட்டுக் களத்தில் மட்டும் ஓர் இடம் எனக்காக ஒதுக்கி வையுங்கள். நடுவராக அன்று, ஆடுவதற்கு!